இடது பக்கத்து வாய்

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடந்தது விளங்காது. மாத்தளை நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் பல வருடமாகக் கம்ப்யூட்டரில் படம் திருத்துகிறேன். கலைந்த முடியைப் படிய வைப்பது, கோட் போடாதவருக்குக் கோட் மாட்டிவிடுவது, பெண் பார்க்க அனுப்பும் படத்தில் பருவை அழிப்பது எல்லாம் சில்லறை வேலை. ஊரில் என்னைத் தெரிந்து வைத்திருப்பது வேறொரு வேலைக்காக.

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பல வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். அநேகமாக அம்மாதான். இங்கே மகளுக்குச் சடங்கு நடக்கும், மகனுக்குக் கல்யாணம் நடக்கும். அம்மா குவைத்தில் யாரோ ஒருவருடைய பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பாள். அதனால் குடும்பப் படம் எடுக்கும்போது எல்லோரும் வரிசையாக நின்று நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விடுவார்கள். பிறகு அம்மா அங்கிருந்து அனுப்பிய படத்தை என்னிடம் தருவார்கள். நான் அவளை அந்தக் காலி இடத்தில் நிறுத்துவேன். சேலை உடுத்திவிடுவேன், காலடியில் நிழல் விழவைப்பேன், மகளின் தோளில் அவள் கையைப் போடுவேன். யாரையும் ஏமாற்றும் வேலையில்லை, எல்லோருக்கும் தெரிந்துதான் நடக்கிறது. "அக்கா கை வச்சா வராத ஆளும் வந்து நிக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருக்கும்.

நாங்கள் இருப்பது நகரத்துக்கு வெளியே, அலுவிகாரையில். என் கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசுவேன், இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்படுவேன். பிள்ளைகள் இருவரும் வளர்ந்து கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு மூன்று நிறப் பூனை. ஒருநாள் மழைக்கு அவருடைய வண்டியில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை.

அந்தப் பூனை அதே வண்டியின் பின் சீட்டுக்குப் பின்னால், மடித்து வைத்திருந்த மழைத்திரையின் மேல் குட்டி போட்டது. அவர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வழக்கமாக ஏற்றிப்போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வீடுகளுக்கு போன் எடுத்து, "இன்னைக்கு வரமாட்டேன்ம்மா, வண்டிக்குள்ள பூன குட்டி போட்டிருக்கு" என்றார். ஒரு தாய் நம்பவில்லை. வண்டி பழுதென்றால் பழுதென்று சொல்லுங்கள் அண்ணே என்றாளாம். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மொத்தம் நான்கு குட்டிகள். மூன்றைத் தாய் நக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டது. நான்காவது தள்ளிக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை.

"புள்ள, இங்க வந்து பாரு. கத்தாம வா."

உடம்பு ஒன்று, வால் ஒன்று, காது இரண்டு. முகம் மட்டும் இரண்டு. இரண்டு மூக்கு, இரண்டு வாய். இரு ஓரங்களிலும் கண்கள் மூடியிருந்தன. இரண்டு முகமும் சேருகிற நடு இடத்தில் மூன்றாவதாக ஒரு கண் மூடியும் மூடாமலும் பிதுங்கித் தெரிந்தது. கத்தியபோது இரண்டு வாயும் சேர்ந்து திறந்தன, சத்தம் மட்டும் ஒன்றுதான் வந்தது. எனக்குக் கை கூசியது. பயந்துவிட்டேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. அவர் அதைத் துணியால் துடைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். சிங்களப் பெண், எங்களைவிட இளையவர். சின்ன டோர்ச்சை அடித்து இரண்டு வாய்க்குள்ளும் வெகுநேரம் பார்த்தார். வயிற்றில் வளரும்போதே முகம் இப்படி இரண்டாகிவிடுவது உண்டு, மிகவும் அபூர்வம், புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். பெரும்பாலும் சில நாளில் இறந்துவிடும். ஒரு வாரம் தாண்டினால் பார்க்கலாம். பிறகு விரலால் தொட்டுக் காட்டினார். வலது பக்கத்து வாய்க்கு வயிற்றுக்குப் போகும் வழி சரியாக இருக்கிறது. இடது வாயில் அண்ணம் பிளந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஊற்றினால் பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், அதோடு முடிந்தது.

"வலது பக்கம் மட்டும்," என்று இன்னொரு தடவை சொன்னார். "ஒரு சொட்டு. விழுங்கின பிறகு அடுத்தது." என் கணவரை அங்கேயே சிரிஞ்சை வைத்து ஊட்டிக் காட்டச் சொன்னார். அவர் ஊட்டினார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அடுத்த நாளிலிருந்து அவருக்கு அதுவே வேலையாகிவிட்டது. கண்டிக்குப் போய்க் குட்டிப் பூனைக்கென்று விற்கிற பால்மாவைத் தேடி வாங்கி வந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் அடிக்கும், எழும்பி ஊட்டுவார். போத்தலில் சுடுநீர் நிரப்பிப் பழைய சாரத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பார். ஈரப் பஞ்சால் பின்பக்கத்தைத் தடவிச் சிறுநீர் போகவைப்பார். அந்தத் தடித்த விரல்கள் இவ்வளவு மெதுவாக அசையும் என்று அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்த எனக்கே தெரியாது. வலது வாய் சப்பும்போது இடது வாயும் காற்றைச் சப்பும். அதைப் பார்க்கப் பார்க்க என் கூச்சம் போய்விட்டது.

இரண்டாம் நாள் நான் ஒரு படம் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம், என் போன், வேறொன்றும் இல்லை. என் வாழ்க்கையில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் விட்ட படங்களில் அது ஒன்று. "எங்கள் வீட்டில் பிறந்தது, உயிரோடு இருக்கிறது" என்று எழுதி பேஸ்புக்கில் போட்டேன். எல்லோரும் பார்க்கட்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

"அக்கா கை வச்சா பூனைக்கும் ரெண்டு மூஞ்சி" என்று முதலில் ஒரு பெண் எழுதினாள். விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் விளையாட்டு போய்விட்டது. யாரோ நடுக் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, முடி சேருகிற இடத்தைப் பாருங்கள், ஒட்டு தெரிகிறது என்று விளக்கம் எழுதினார். இன்னொருவர் இதெல்லாம் ஏஐ என்றார். சிங்களத்தில் ஒரே சொல்லாகப் பத்துப் பேர் "பொரு" என்றார்கள், பொய் என்று. "யாருக்குக் காது குத்துறீங்க" என்று கேட்டது என்னோடு படித்தவள்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது ஒரு புது மாப்பிள்ளை எழுதியது. "என் கல்யாணப் படத்துல குவைத்துல இருந்த எங்கம்மாவ நிப்பாட்டினது இவங்கதான். அம்மாவே பாத்துட்டு நான் எப்ப வந்தேன்னு கேட்டாங்க. இந்தப் பூனையெல்லாம் இவங்களுக்கு அரை மணித்தியால வேல. நம்பாதீங்க." என்னைப் புகழ்ந்துதான் எழுதியிருந்தான். அந்தக் கல்யாணப் படத்தையும் சேர்த்துப் போட்டிருந்தான். சாயந்தரம் ஊர்ச் செய்தி போடுகிற ஒரு பேஸ்புக் பக்கத்தில் இரண்டு படமும் அருகருகே வந்தன. பூனையின் மேல் குறுக்காகப் 'போலி' என்று அடித்திருந்தார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். வீடியோ போட்டேன், வீடியோவும் இப்போது செய்யலாம் என்றார்கள். மிருக வைத்தியர் எழுதித் தந்த துண்டுச் சீட்டைப் படமெடுத்துப் போட்டேன். ஸ்டூடியோக்காரிக்குத் துண்டு அடிப்பது பெரிய வேலையா என்றார்கள். வீட்டுக்கு வந்து நேரில் பார்த்துவிட்டுப் போன அயல்வீட்டுப் பெண், நான் கண்ணால் கண்டேன் என்று எழுதினாள். உங்களுக்கு எவ்வளவு தந்தார்கள் என்று அவளைக் கேட்டார்கள். நான் ஆதாரம் காட்டக் காட்டச் சந்தேகம்தான் வளர்ந்தது.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து குட்டிக்குப் பஞ்சு நனைத்துக்கொண்டிருந்தார். "நம்பாட்டி போறாங்க," என்றார். "அவங்க நம்பலன்னு இதுக்குப் பசிக்காமப் போகுதா?"

"பொய்க்காரின்னு சொல்றது உங்களையில்ல, என்னைய."

அவர் நனைத்த பஞ்சைப் பிழிந்தார்.

ஐந்தாம் நாள் கடை முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர், இதுவரை சத்தம் போட்டுப் பேசியதில்லை, அன்றைக்கும் போடவில்லை.

"நம்ம கடையில அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறாங்கம்மா. படம் உண்மையா இருக்கும்னு நம்பித்தான் வாறாங்க. இன்னைக்கு வந்த ரெண்டு பேரு, எனக்கும் ரெண்டு மூஞ்சி வச்சிருவீங்களான்னு கேட்டுச் சிரிச்சாங்க. இது மேல எடத்துக்குப் போனா நம்ம அனுமதிக்கே பிரச்சன."

"அது உண்மையாவே இருக்குது மொதலாளி. வந்து பாருங்க."

"நான் நம்புறேன். நான் நம்பி என்ன செய்ய? திங்கக்கெழமக்குள்ள சனம் நம்புற மாதிரி ஒண்ணு காட்டுங்க. இல்லாட்டி சும்மா வெளையாட்டுக்குப் போட்டேன்னு ரெண்டு வரி எழுதிருங்க. அதோட முடிஞ்சுது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டு வரியே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிற ஒன்றை இல்லை என்று நானே எழுத வேண்டும். சாகும்வரை எழுதமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. குட்டி முன்னைவிடத் தெம்பாக இருந்தது. இன்னும் ஒரு நாள் போனால் வைத்தியர் சொன்ன ஒரு வாரம். அன்று அவருக்கு நாலந்தாவுக்கு ஒரு வாடகை ஓட்டம் இருந்தது. கிளினிக்குக்கு வழக்கமாகக் கூட்டி வரும் நோயாளியை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும், தட்ட முடியாது. வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து சொன்னார்.

"ரெண்டு மணிக்குப் பால். வலது பக்கம். அவசரப்படாத."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். சும்மா சொன்னேன்."

அவர் போனதும் நான் மேசையைப் பின் வாசலுக்கு இழுத்துப் போட்டேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. கடையிலிருந்து கொண்டு வந்திருந்த ஸ்டாண்டில் போனைப் பொருத்தினேன். இதை முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன், அவரிடம் சொல்லவில்லை. லைவ் போனால் அதில் யாரும் கை வைக்க முடியாது. அன்றைய பத்திரிகையைக்கூடப் பக்கத்தில் விரித்து வைத்தேன். இரண்டு மணிக்கு லைவைத் தொடங்கினேன்.

முதலில் ஏழெட்டுப் பேர், பிறகு நாற்பது, பிறகு நூறைத் தாண்டியது. குட்டியை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினேன். வலது வாயில் ஒரு சொட்டு வைத்தேன், விழுங்கியது. எழுத்துகள் போனில் மேலேறிக்கொண்டே இருந்தன. வலது பக்கம்தான் உண்மையான முகம், மற்றது ஒட்டினது என்றார் ஒருவர். இடது வாய் வெறும் ரப்பர் என்றார் இன்னொருவர். "அந்தப் பக்கத்துக்கும் குடுங்க பாப்பம்." "குடுக்கமாட்டாங்க, மாட்டிக்குவாங்க." அந்த மாப்பிள்ளையும் வந்திருந்தான். அவன் எழுதினான்: "அக்கா, அந்த வாயும் குடிச்சா நான் நம்புறேன்."

வைத்தியர் சொன்னது எனக்கு மறந்துபோனது என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. ஒரு சொட்டுதானே, நாக்கு நுனியில்தானே என்று நினைத்தேன். இடது வாய் திறந்துதான் இருந்தது. அதில் ஒரு சொட்டு வைத்தேன். சின்ன நாக்கு வந்து நக்கியது. இதயங்கள் பறந்தன. "இன்னொருக்கா" என்றார்கள். இரண்டாவது சொட்டு. போனில் சரியாகத் தெரிகிறதா என்று குட்டியைச் சற்றுத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது.

மூன்றாவதில் மூக்கால் பால் வந்தது. கிளிக் என்று ஒரு சத்தம், மூச்சு எடுக்கும்போது. அந்த நேரத்தில் நான் முதலில் பார்த்தது குட்டியை இல்லை, போனை. நம்பிவிட்டார்களா என்று பார்த்தேன். நம்பிவிட்டார்கள். "மன்னிச்சிருங்க அக்கா" என்று மாப்பிள்ளை எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டுத்தான் கீழே பார்த்தேன்.

லைவை நிறுத்தினேன். தலைகீழாகப் பிடித்து முதுகைத் தடவினேன், துணி நுனியால் மூக்கைத் துடைத்தேன். கிளிக், கிளிக் என்று அந்தச் சத்தம் நிற்கவில்லை. வைத்தியருக்கு போன் எடுத்தேன், உடனே கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோக வண்டியில்லை. என் கணவருக்கு எடுத்தேன், வந்துகொண்டிருக்கிறேன் என்றார். வாசலில் நின்ற அந்தக் கால் மணித்தியாலத்தில் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

அவர் வந்து ஒன்றும் கேட்காமல் குட்டியை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன். பெரிய ரோட்டில் சனிக்கிழமை நெரிசல். ஒரு கையால் ஓட்டினார், மற்றக் கை நெஞ்சில் இருந்தது. நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பே வண்டியை ஓரம் கட்டினார். சட்டையைத் திறந்து பார்த்தார். இஞ்சினை நிறுத்தினார். எனக்கு விளங்கிவிட்டது.

முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எந்தப் பக்கம் குடுத்த?"

"வலது பக்கம்."

யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் திரும்பி என் கையைப் பிடித்தார்.

"அப்ப நீ என்ன செய்வ. அழாத. டொக்டர் முன்னமே சொன்னாங்கதானே."

வீட்டுக்குப் பின்னால் அவர் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வீடியோவை அழித்தேன். பலர் பகிர்ந்திருந்தார்கள், எல்லா இடத்திலிருந்தும் போய்விட்டது. "சூப்பர், இது போதும்" என்று முதலாளி அனுப்பியிருந்தார். இத்தனை நாளாக நான் ஏங்கிக் கிடந்ததெல்லாம் அந்தப் போனுக்குள் இருந்தது. ஆனால் அவருடைய முச்சக்கர வண்டி ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்காரர்களிடமும் போன் இருக்கிறது. அவர் கண்ணில் அது படக்கூடாது.

இரவாவதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. அழித்துவிட்டார்கள் பாருங்கள், ஏதோ தெரிந்திருக்கிறது, மாட்டிக்கொண்டார்கள். லைவைப் பார்த்தவர்கள் சிலர், நாங்கள் பார்த்தோம், இரண்டு வாயும் குடித்தது என்று வாதாடத் தொடங்கினார்கள். அதுதான் எனக்கு நெருப்பாக இருந்தது. யார் பொய் என்கிறார்கள் என்ற கவலை போய், யார் உண்மை என்கிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இரண்டு வரியை எழுதிப் போட்டேன். விளையாட்டுக்காகச் செய்த படம், வீடியோவும் அப்படித்தான், யாரும் பெரிதாக எடுக்க வேண்டாம். அப்போது யாரும் என்னை அதை எழுதச் சொல்லவில்லை. வாதாடியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

புதன்கிழமை வேலை முடிந்து நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது, ஸ்டாண்டில் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே அவர் பக்கம் வந்தார்.

"என்னண்ணே, ரெண்டு மூஞ்சிப் பூன எப்பிடி இருக்கு? கடைசியில அக்காவே பொய்யின்னு எழுதிட்டாங்க."

என் கணவர் வண்டியிலிருந்து இறங்கினார். அவர் யாரிடமும் கை நீட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. அந்த ஆளின் சட்டைக் கொலரைப் பிடித்தார்.

"செத்துப் போச்சு. இந்தக் கையாலதான் பொதச்சேன். கட நடத்துறவன் பயத்துல எழுத வச்சிட்டான், அவ எழுதிட்டா. என் பொஞ்சாதி பொய் சொல்ற ஆளில்ல. இனி இங்க எவனாச்சும் அதப் பத்திப் பேசினா பாரு."

நான்கு பேர் வந்து விலக்கிவிட்டார்கள். நான் பின் சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். நகரத்தைத் தாண்டியதும் அவர் தோளைத் தட்டினேன்.

"என்னங்க, வண்டிய நிப்பாட்டுங்க."

நிறுத்தினார்.

"நான் இடது பக்கம் குடுத்தேன். லைவ் போட்டேன். எல்லாரும் கேட்டாங்கன்னு குடுத்தேன். அதனாலதான் அழிச்சேன். அதனாலதான் எழுதினேன். மொதலாளி சொல்லியில்ல."

பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரியும், நான் அதைப் பார்க்கவில்லை.

"எத்தன சொட்டு?" என்று கேட்டார்.

"மூணு."

வண்டியை எடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு ஒரு வழியாகியிருக்கும். அன்றைக்கும் சாப்பிட்டார், மறுநாளும் என்னைக் கொண்டுபோய்க் கடையில் விட்டார். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

மற்ற மூன்று குட்டிகளும் வளர்ந்துவிட்டன. ஒவ்வொரு நாள் காலையிலும் வண்டியில் ஏறியதும், கேஸ் அடுப்பை அணைத்தாயா என்று அவர் கேட்பது பழைய வழக்கம். அணைத்துவிட்டேன் என்பேன், வண்டியை எடுப்பார். இப்போதும் கேட்கிறார், நானும் அணைத்துவிட்டேன் என்கிறேன். அவர் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிப்போய், கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறார்.